'எனக்கு' என்று தொடங்கும் மொழி: தமிழ்க்காரர் ஸ்பானிஷ் இலக்கணம் படித்தால்

2 ஜூன் 2024 (திருமங்கலத்திலிருந்து வந்த கேள்வி)

அண்ணே, ஸ்பானிஷ் ஏ2 (தொடக்க நிலை) தேர்வுக்குப் படிக்கிறேன். வகுப்பில் எல்லாமே இங்கிலீஷ் வழியாகத்தான். "தமிழை மறந்துட்டு இங்கிலீஷ்ல யோசிங்க, அதுதான் ஸ்பானிஷுக்குக் கிட்ட" என்கிறார் சார். எனக்கு இங்கிலீஷே தட்டுத்தடுமாறித்தான் வரும். தமிழ் தாய்மொழியாக இருப்பவர்களுக்கு ஸ்பானிஷ் இலக்கணம் கூடுதல் கஷ்டமா? நீங்கள் ஸ்பானிஷ் குரூப்புகளை மதுரை மீனாட்சி கோயிலுக்குக் கூட்டிப்போகிறவர், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2 ஜூன், இரவு

சார் சொன்னதில் பாதி சரி. சொற்களுக்கு இங்கிலீஷ் கிட்ட. இலக்கணத்துக்கு, நான் பட்டவரையில், பல இடங்களில் தமிழ்தான் கிட்ட.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். இங்கிலீஷில் எழுதின ஸ்பானிஷ் புத்தகம் எதை எடுத்தாலும் 'மே குஸ்தா' பாடம் வந்ததும் "பயப்படாதீர்கள், இந்த வாக்கியம் தலைகீழாக இருக்கும்" என்று ஒரு பெட்டி போட்டிருப்பார்கள். அவர்களுக்குத் தலைகீழ். 'மே' என்றால் எனக்கு. 'குஸ்தா' என்றால் பிடிக்கும். மே குஸ்தா எல் கஃபே: எனக்குப் பிடிக்கும் காபி. இதில் எங்கே தலைகீழ்?

'மே துவேலே லா கபேஸா'வும் அப்படித்தான். எனக்கு வலிக்கிறது தலை. "என் தலை" என்றுகூடச் சொல்வதில்லை, வெறும் தலைதான், தமிழ் போலவே. 'மே பரேஸே' எனக்குத் தோன்றுகிறது. நான் வகுப்புக்குப் போன காலத்தில் பக்கத்தில் இருந்த பையன் இதையெல்லாம் 'ஐ லைக்' வழியாகப் போட்டு 'யோ குஸ்தோ' என்று எழுதுவான். "எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும்" என்கிற மாதிரி அர்த்தம் வரும். மூன்று மாதம் அவனுக்கு அது புரியவே இல்லை.

3 ஜூன்

நேற்று கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். அதே இடத்தில் தமிழ் காலை வாரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் ஒரு இட்லி பிடிக்கும், பத்து இட்லியும் பிடிக்கும். வினை அசையாது. ஸ்பானிஷில் பிடிக்கிற பொருள்தான் எழுவாய், பொருள் பலவானால் 'மே குஸ்தான்'. இதை நான் இன்றைக்கும் மறக்கிறேன்.

இன்னொன்று. "மரியாவுக்குப் பிடிக்கும்" என்பதில் 'வுக்கு' ஒரு தடவை வந்தால் போதும் நமக்கு. ஸ்பானிஷில் 'ஆ மரியா லே குஸ்தா', அதாவது மரியாவுக்கு அவளுக்குப் பிடிக்கும். அந்த 'லே' என் வாயில் பல காலம் வரவே இல்லை. ஏற்கெனவே சொன்னதை எதற்கு இன்னொரு தடவை என்று மனசு மறுத்தது.

ஆளுக்கு வந்தால் இன்னும் சிக்கல். "உங்களையெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்பதை ஒரு குரூப்பிடம் அப்படியே சொன்னேன். பெரியவர்கள் சிரித்தார்கள், ஒரு அம்மாள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். மனிதர்களைப் பற்றி 'குஸ்தார்' போட்டால் காதல் வாடை அடிக்குமாம். "நல்ல மனுஷங்க, பிடிச்சிருக்கு" என்பதற்கு 'மே கயென் பியென்' என்று வேறு ஒன்று வைத்திருக்கிறார்கள். நம்மிடம் பணியாரத்துக்கும் மாமியாருக்கும் ஒரே பிடிக்கும்தான்.

5 ஜூன்

கேட்ட தங்கை அடுத்த சந்தேகம் அனுப்பியிருக்கிறார்: ஸேர், எஸ்தார் (இரண்டுமே 'இரு' என்கிற வினைதான்). "நிரந்தரம்னா ஸேர், தற்காலிகம்னா எஸ்தார்னு சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் செத்துப்போனதுக்கு ஏன் எஸ்தார்? அதைவிட நிரந்தரம் என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. இரண்டுக்கும் ஒரே 'பி' வினையை வைத்திருக்கும் இங்கிலீஷ்காரருக்காகச் செய்த விதி அது. நமக்கு எதற்கு? "நான் கைடு." வினையே இல்லை. "நான் வீட்டில் இருக்கிறேன்." வினை உண்டு. முதலாவது ஸேர், இரண்டாவது எஸ்தார். தமிழில் 'இரு' இல்லாமல் நிற்கிற வாக்கியம் பெரும்பாலும் ஸேர் பக்கம் போகும். "இது கோயில்", "அவர் டாக்டர்", "நாங்க மதுரை" எல்லாம் அந்தப் பக்கம்.

செத்த விஷயம்: "கதவு திறந்திருக்கு", "கடை மூடியிருக்கு", "கல்யாணம் ஆகியிருக்கு". ஒரு காரியம் நடந்து முடிந்து அதன் நிலை மிச்சமாக நின்றால் நாம் 'இருக்கு' போடுகிறோம், அவர்கள் எஸ்தார் போடுகிறார்கள். சாவும் அந்த வரிசை. நிரந்தரம், தற்காலிகம் என்ற பேச்சே வேண்டாம்.

இது எனக்கு எங்கே உறைத்தது என்றால் திருமலை நாயக்கர் மகாலில். வாசலில் நின்று தினமும் சொல்கிற இரண்டு வாக்கியம்: "1636-ல் கட்டப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது." முதலாவது நடந்த செய்தி, இரண்டாவது இப்போது கண் முன்னால் நிற்கும் நிலை. ஸ்பானிஷில் முதலாவதுக்கு 'ஃபுவே கொன்ஸ்த்ருயிதோ' (இந்த 'ஃபுவே' ஸேரின் இறந்தகாலம்), இரண்டாவதுக்கு 'எஸ்தா கொன்ஸ்த்ருயிதோ'. 'பட்டது', 'பட்டிருக்கிறது'. அச்சு அசல். வகுப்பில் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பாடம், மகால் தூணில் சாய்ந்து நின்றபோது தானாக அவிழ்ந்தது.

6 ஜூன்

திருத்தம். அவசரப்பட்டுவிட்டேன்.

"கோபுரம் உயரமா இருக்கு." என் விதிப்படி எஸ்தார். பழைய நாளில் தெற்குக் கோபுரத்தைக் காட்டி 'லா தொர்ரே எஸ்தா ஆல்தா' என்று சொல்லித் தொலைத்தேன். "போன தடவை பார்த்ததுக்கு வளர்ந்திருக்கா?" என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகளைப் பார்த்து "அடடே, உயரமாயிட்டியே" என்பதற்குத்தான் அது பொருந்துமாம். 1559-ல் கட்டி முடித்து, சுமார் 170 அடியில் நின்றுவிட்ட கோபுரம் இனி எங்கே வளர்வது.

எனவே 'ஆக' சேர்ந்த 'இருக்கு' வந்தால் உஷார். நான் வைத்திருக்கும் ஒட்டு வேலை: அதே சொல்லை 'ஆனது' என்று மாற்றிப் பார்ப்பேன். "கோபுரம் உயரமானது" ஒத்துவருகிறது, ஸேர். "இந்தக் கல் தரை சூடானது" இடிக்கிறது, எஸ்தார். (மத்தியான நேரம் செருப்பில்லாமல் ஆடிவீதியில் நடந்தவர்களுக்கு இந்த வாக்கியம் உடனே தேவைப்படும்.)

6 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

"மீட்டிங் மாடியில இருக்கு" என்பதற்கு எஸ்தார் போட்டு மார்க் போச்சாம் தங்கைக்கு. அந்த 'இருக்கு'வை 'நடக்குது' என்று மாற்ற முடிந்தால் ஸேர். நிகழ்ச்சிக்கு மட்டும் அப்படி ஒரு சலுகை.

8 ஜூன்

இந்த 'இருக்கு' பற்றியே இன்னும் எழுதலாம் போலிருக்கிறது. நமக்கு ஒன்று, அவர்களுக்கு நாலு.

"மேலமாசி வீதியில் ஒரு மருந்துக்கடை இருக்கு" என்றால் 'ஆய்'. "அந்த மருந்துக்கடை மேலமாசி வீதியில் இருக்கு" என்றால் 'எஸ்தா'. புதிதாக அறிமுகமாகிற பொருளை நாம் வினைக்குப் பக்கத்தில் வைக்கிறோம், தெரிந்த பொருளை முன்னால் கொண்டுபோகிறோம். அதைக் கவனித்தால் 'ஆய்' எங்கே, 'எஸ்தா' எங்கே என்று குழப்பமே வராது. ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண் இருக்கு: ஆய். (எண்ணி வைத்துக்கொண்டு "ஏன் ஆயிரம் இல்லை" என்று கேட்பவர் ஒவ்வொரு குரூப்பிலும் ஒருவர் இருப்பார்.)

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க" மூன்றாவது. இங்கே 'எனக்கு' என்று ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வோம். ஸ்பானிஷ்காரர் பிள்ளையை, வயதை, பசியை, தாகத்தை, தூக்கத்தை எல்லாம் 'வைத்திருக்கிறார்'. தெங்கோ ஆம்ப்ரே: பசி வைத்திருக்கிறேன். 'மே குஸ்தா' ருசி கண்ட பூனையாக நான் "எனக்குப் பசிக்கிறது" என்பதையும் 'மே' போட்டுத் தொடங்கி வெகுநாள் திண்டாடினேன். வலி 'மே', பசி 'தெங்கோ'. காரணம் கேட்காதீர்கள், பழகிக்கொள்ளுங்கள்.

நாலாவது ஸேர். நேற்று முந்தாநாள் பார்த்த கோபுரம்.

11 ஜூன்

பள்ளியில் எனக்குத் தமிழ் எடுத்த ஐயாவை டீக்கடையில் பார்த்தேன். எண்பதை நெருங்கிவிட்டார், சர்க்கரை இல்லாத டீ. இந்த ஸ்பானிஷ் பேச்சையெல்லாம் சொன்னேன். "எனக்கு அவனைப் பிடிக்கும்" என்பதில் எழுவாய் எது ஐயா என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு நான்காம் வேற்றுமை. அவனை இரண்டாம் வேற்றுமை. முதல் வேற்றுமையில எவனும் நிக்கலையே." கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுவாய் இல்லாமலே நாம இவ்வளவு நாளா குடும்பம் நடத்தியிருக்கோம்."

ஸ்பானிஷ் அந்த இடத்தில் நம்மைப் போல இல்லை. அங்கே பிடிக்கப்படுகிறவர் எழுவாய். "எனக்கு உன்னைப் பிடிக்கும்" என்றால் 'மே குஸ்தாஸ்', அந்த 'ஸ்' தான் நீ. 'உன்னை' என்பதற்கு ஒரு 'தே' தேடி வைத்தால் தப்பு.

அப்புறம் பேச்சு 'ஆ'வுக்குப் போனது. ஸ்பானிஷில் செயப்படுபொருள் மனிதராக இருந்தால் முன்னால் 'ஆ' என்று ஒன்று வரும். வேயோ லா காஸா, வீட்டைப் பார்க்கிறேன். வேயோ ஆ மரியா, மரியாவைப் பார்க்கிறேன். மனிதருக்கு ஒரு விதி, மற்றதுக்கு ஒரு விதி. ஐயா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "உயர்திணை அஃறிணையா? தொல்காப்பியம் சொல்லதிகாரம் தொடங்குறதே அதுலதானடா!"

இதோடு நிற்கவில்லை. வேனுக்கு டிரைவர் வராமல் நான் நின்ற கதை. "டிரைவர் தேடிக்கிட்டிருக்கேன்" என்றால் வேலைக்கு ஆள் வேண்டும். "டிரைவரைத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றால் நம்ம டிரைவர் எங்கேயோ டீ குடிக்கப் போய்விட்டார். ஸ்பானிஷிலும் 'புஸ்கோ கொந்துக்தோர்' ஒன்று, 'புஸ்கோ அல் கொந்துக்தோர்' இன்னொன்று. 'ஐ' எங்கே ஒட்டுகிறதோ அங்கே 'ஆ'. "பொண்ணு பார்க்கிறோம்" என்பதும் "அந்தப் பொண்ணைப் பார்த்தோம்" என்பதும் ஒன்றா? கல்யாணம் பேசப் போன வீட்டில் மாற்றிச் சொன்னால் தெரியும்.

12 ஜூன்

தங்கையின் எதிர்ப்பு: "அண்ணே, அந்தப் புத்தகத்தைப் படித்தேன்னு சொல்றோமே, அதுக்கும் 'ஐ' வருதே. நான் 'லெயீ ஆ எஸே லிப்ரோ'ன்னு எழுதி அடி வாங்கினேன்."

அடி எனக்கும் சேர்த்துத்தான். தமிழில் 'ஐ' இரண்டு வேலை செய்கிறது. மனிதர் என்றும் காட்டும், குறிப்பிட்ட பொருள் என்றும் காட்டும். ஸ்பானிஷில் வெறும் குறிப்பிட்ட பொருள் என்பதற்காக 'ஆ' வராது, ஆளாகவும் இருக்க வேண்டும். ஆக நேற்று எழுதியதை உயர்திணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு நாய்க்கு 'ஆ' போடுவார்கள், அது குடும்பத்து ஆள் மாதிரி என்பதால். ஐயாவிடம் போனில் இதைச் சொன்னதும், பசுவை "என் அம்மை வந்தாள்" என்பது திணை வழுவமைதி, நன்னூல் பாடத்தில் நடத்தினேனே, தூங்கினாயா என்றார். தூங்கியிருப்பேன். அலங்காநல்லூரில் காளை வளர்ப்பவர் யாராவது ஸ்பானிஷ் படித்தால் 'ஆ' போடாமல் விடமாட்டார் என்று மட்டும் தெரிகிறது.

20 ஜூன்

"அப்போ இங்கிலீஷ் எதுக்குத்தான் உதவும்?" என்று வேறொருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். நான் இங்கிலீஷுக்கு எதிரி இல்லை. ஆனால் நடுவில் நின்று அது செய்கிற வேலையைச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த முதல் வருஷம் முழுக்க 'டெங்கோ', 'டோடோ' என்றுதான் சொன்னேன். ஸ்பானிஷில் 'ட' கிடையாது. 'தெங்கோ', 'தோதோ'. பல்லில் நாக்குப் படும் நம்ம 'த'தான். எழுத்தைப் பார்த்ததும் இங்கிலீஷ் 'டி' ஞாபகம் வந்து நாக்கை மேலே மடக்கிவிட்டது. தமிழ் எழுத்தில் எழுதிப் படித்திருந்தால் முதல் நாளே சரியாக வந்திருக்கும். 'அது' என்று சொல்லும்போது அந்த 'து' எவ்வளவு மெலிதாக வருகிறது, 'நாதா' என்ற ஸ்பானிஷ் சொல்லில் வரும் 'தா'வும் அதே மெலிவுதான்.

வாக்கிய வரிசையும் அப்படி. 'தே கியேரோ': உன்னை விரும்புகிறேன். 'லோ வீ': அவனைப் பார்த்தேன். 'நான்' இல்லை, வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார், 'உன்னை' முன்னால் வருகிறது. வெள்ளைக்காரர் இதற்கே தனியாக மூச்சுப் பயிற்சி செய்கிறார்கள். நம் வகுப்பில் என்ன செய்தோம்? தமிழை இங்கிலீஷாக்கி 'ஐ சா ஹிம்' என்று கட்டி, அதை உடைத்து மறுபடி ஸ்பானிஷாக்கினோம். மதுரையிலிருந்து மேலூருக்குத் திண்டுக்கல் வழியாகப் போன கதை.

கற்பவன் தலைக்குள் இரண்டு மொழிக்கும் நடுவே ஒரு தற்காலிக மொழி உருவாகும், அதற்கென்று ஒரு இலக்கணமும் இருக்கும் என்று லாரி செலிங்கர் 1972-ல் எழுதினார். 'இடைமொழி' என்று தமிழில் சொல்லலாம். என் இடைமொழியைத் திறந்து பார்த்தால் அடியில் தமிழ், மேலே பள்ளிக்கூட இங்கிலீஷ், அதற்கும் மேலே கொஞ்சம் ஸ்பானிஷ் என்று மூன்று அடுக்கு டிபன் கேரியராக இருக்கும்.

21 ஜூன்

தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கலாம் என்று நேற்று சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் "பேஸோ" என்று எழுதி "பணம்" என்று போட்டிருக்கிறேன். நாலு பக்கம் தள்ளி அதே "பேஸோ", அர்த்தம் "முத்தம்". நம் 'ப' இரண்டுக்கும் பொது. சில்லறை கேட்கப் போய் என்ன ஆகியிருக்கும்.

30 ஜூன்

இதுதான் எனக்கு ரொம்பச் செலவு வைத்த தப்பு. விவரமாகவே எழுதுகிறேன்.

பிட்டுக்கு மண் சுமந்த கதை ஸ்பானிஷ்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் (ஒருமை, குஸ்தா). வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு, வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொள்கிறேன் என்று சிவன் கூலியாளாக வருகிறார். நான் எப்படித் தொடங்குவேன்? "மதுரையில ஒரு கிழவி இருந்தா. தினமும் பிட்டு அவிச்சு விப்பா."

விப்பா. விற்பாள். பள்ளிக்கூட இலக்கணப்படி எதிர்காலம். நானும் எதிர்காலத்தையே போட்டேன்: வெந்தெரா. ஒரு சின்னப் பையன் அவன் அம்மாவிடம் எதையோ கேட்டான், அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "அந்தப் பாட்டி எப்போது விற்பார்? நாம் போய் வாங்கலாமா?"

எனக்கு முதலில் என்ன தப்பு என்றே விளங்கவில்லை. நமக்கு 'விற்பாள்', 'போவோம்', 'குளிப்போம்' எல்லாம் வழக்கம் காட்டுகிற வடிவம். "சின்ன வயசுல வைகையில குளிப்போம்" என்றால் பழைய வழக்கம் என்று குழந்தைக்கும் தெரியும். ஸ்பானிஷில் பழைய வழக்கத்துக்கென்றே ஒரு இறந்தகாலம் தனியாக உண்டு: வெந்தியா. ஒரு தடவை நடந்து முடிந்ததற்கு இன்னொன்று: வெந்தியோ. கிழவி விற்பாள் 'வெந்தியா', கூலியாள் தூங்கிக்கொண்டிருந்தான் 'தொர்மியா', ராஜா பிரம்பால் அடித்தார் 'பெகோ'. பின்புலம் எல்லாம் ஒரு காலம், அடி விழுகிற இடத்தில் மட்டும் மற்றது.

இப்போது நான் வைத்திருக்கும் வழி: அந்த வினையை முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பது. "விற்பாள்", "விற்றுக்கொண்டிருந்தாள்", "விற்று வருவாள்" இதில் ஏதாவது பொருந்தினால் 'வெந்தியா' வகை. "விற்றாள்" மட்டும்தான் பொருந்தும் என்றால் 'வெந்தியோ'. முழுக்கக் கைகொடுக்கும் என்று சொல்லவில்லை. "அவளுக்கு வயது எண்பது" என்பதில் வினையே இல்லாமல் நாம் தப்பித்துவிடுகிறோம், அவர்கள் அங்கேயும் 'தெனியா' என்று நீட்ட வேண்டும்.

1 ஜூலை

நேற்று எதிர்காலத்தைத் திட்டியதற்குப் பரிகாரம். "மணி என்ன?" "மூணு இருக்கும்." இதுவும் எதிர்காலம்தான், ஆனால் ஊகம். ஸ்பானிஷில்: ஸெரான் லாஸ் த்ரேஸ். அதே எதிர்காலம், அதே ஊகம்! "டிரைவர் எங்கே?" "டீக்கடையில் இருப்பார்": எஸ்தாரா. இதை நான் யாரிடமும் படிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது, சரியாகவும் இருந்தது. இப்படி வருஷத்துக்கு ஒரு நாள் வரும்.

9 ஜூலை

ஆண்பால், பெண்பால் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். எழுத ஒன்றுமில்லை. தமிழ் அங்கே கையை விரித்துவிடும். நமக்கு மேசை 'அது'. அவர்களுக்கு 'லா மேஸா', பெண். இந்தி தெரிந்தவர்களுக்கு உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு என்ற எண்ணம் பழகியிருக்கும், ஆனால் பால் ஒத்துப்போகாது. இந்தியில் 'கிதாப்' பெண், ஸ்பானிஷில் 'லிப்ரோ' ஆண். மனப்பாடம்தான். 'ஓ'வில் முடிந்தால் ஆண் என்று நம்பிப் போனால் 'லா மானோ' (கை) கவிழ்க்கும், 'ஆ'வில் முடிந்தால் பெண் என்று போனால் 'எல் மாபா' (வரைபடம்) கவிழ்க்கும்.

ஒரு ஆறுதல். மேசை, அலமாரி, துவாலை, பாதிரி எல்லாம் போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்தவை. மேஸா, அர்மாரியோ, தோஆயா, பாத்ரே என்று ஸ்பானிஷில் அதன் அக்கா தங்கைகள் இருக்கிறார்கள். வீட்டுச் சாமானில் பாதி ஏற்கெனவே தெரியும். பால் மட்டும்தான் சாமானோடு வரவில்லை.

ஐயா சொன்னது: 16-ஆம் நூற்றாண்டில் என்ரிகே என்ரிகஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தமிழுக்கு இலக்கணம் எழுதியபோது லத்தீன் இலக்கணச் சட்டத்துக்குள் தமிழை உட்கார வைத்துப் பார்த்தார். "அவங்க நம்ம மொழியை அவங்க அச்சில ஊத்தினாங்க. நீ இப்ப அவங்க மொழியை நம்ம அச்சில ஊத்துறே. ஒழுகத்தான் செய்யும்." ஒழுகுகிறது ஐயா.

14 ஜூலை

உஸ்தேத். இதில் நான் ஒரு சண்டையே போடத் தயார்.

தூ என்றால் நீ, உஸ்தேத் என்றால் நீங்கள். சுலபம் என்று நினைப்போம். ஆனால் உஸ்தேத்துக்கு வரும் வினை படர்க்கை, 'அவர் வருகிறார்' வடிவம். 'வுயெஸ்த்ரா மெர்ஸேத்' என்ற பழைய மரியாதைச் சொல் தேய்ந்து உஸ்தேத் ஆனதால் அப்படி. நம் பழைய மனுக்களில் "துரை அவர்கள் சமூகத்துக்கு" என்று எழுதுவார்களே, ஆளை நேரே விளிக்காமல் அவருடைய சமூகத்தை விளிப்பது, அந்த வகை. "ஐயா சாப்பிட்டாச்சா?" என்று எதிரே நிற்பவரையே கேட்கிற ஊர்க்காரனுக்கு இது புரியாதா?

இலக்கணம் புரிந்தது, நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பெயின்காரர்கள் சட்டென்று 'தூ' போட்டுப் பேசச் சொல்வார்கள். அதற்கு 'துதேயார்' என்று ஒரு வினையே இருக்கிறது, "நீ வா போ என்று பேசுதல்". எழுபது வயசு அம்மாளை நான் எப்படி நீ என்பது? எட்டு வருஷமாக உஸ்தேத்தான். ஒரு கல்லூரிப் பெண்ணிடம் உஸ்தேத் போட்டதற்கு "நான் என்ன அவ்வளவு கிழவியா" என்று கோபித்துக்கொண்டாள். இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் என் ஸ்பானிஷைக் கெடுக்கிறது என்றால் கெடுத்துக்கொள்ளட்டும்.

28 ஜூலை

டம்ளர் உடைந்தால் எந்தப் பிள்ளையாவது "உடைச்சிட்டேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "உடைஞ்சுபோச்சு." டம்ளரே முடிவெடுத்து உடைந்த மாதிரி.

மகால் முற்றத்தில் ஒரு பெரியவர் குடும்பத்தோடு உட்கார்ந்து, படம் எடுக்கச் சொல்லித் தன் சின்ன கேமராவை என்னிடம் கொடுத்தார். கை நழுவியது, லென்ஸ் விரிசல். பதற்றத்தில் இங்கிலீஷ் அடுக்கு மேலே வந்து 'ரொம்பீ ஸு காமரா', உங்கள் கேமராவை உடைத்தேன், என்றேன். வேண்டுமென்றே செய்த மாதிரி ஒரு ஒப்புதல் வாக்குமூலம். அவர் முகம் போன போக்கு! பிறகு அவருடைய மகள்தான் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள்: ஸே மே காயோ. எனக்கு விழுந்துவிட்டது. ஸே மே ரொம்பியோ, எனக்கு உடைந்துபோயிற்று. ஸே மே ஒல்விதோ, எனக்கு மறந்துபோச்சு.

அட, இது நம்ம வீட்டுப் பேச்சு! உடைந்தது, உடைத்தேன் என்று ஒரே வேரில் இரண்டு வினை நாம் வைத்திருக்கிறோம். அவர்கள் 'ஸே' ஒட்டி அதைச் செய்கிறார்கள். கூட 'மே' ஒன்றைச் செருகி, "கஷ்டம் எனக்கு, குற்றம் என்னுடையது அல்ல" என்றும் காட்டிவிடுகிறார்கள். பழுதுக்கான காசு என் கையிலிருந்துதான் போனது, இலக்கணம் அதைத் தடுக்கவில்லை.

4 ஆகஸ்ட்

தங்கைக்கு அடுத்த வகுப்பில் சப்ஜங்டிவ் (ஆசை, சந்தேகம் போன்றவற்றுக்கு வரும் வினை வடிவம்) வருகிறதாம், இப்போதே நடுங்குகிறார். சுருக்கமாக: "வாழ்க" என்கிறோமே, 'வீவா', அதுவேதான். "உள்ளே வரட்டும்" என்பது 'கே பாஸே'. வியங்கோளும் 'அட்டும்'-உம் தெரிந்தவருக்கு வாசல் திறந்துவிட்டது.

ஆசைக்கு: "எனக்குப் போக ஆசை", போகிறவனும் நானே, 'போக' என்று சும்மா விட்டுவிடுகிறோம். கியேரோ இர். "அவன் போகணும்னு ஆசை", ஆள் மாறியது, வடிவமும் மாறியது. கியேரோ கே வாயா. இங்கே இங்கிலீஷை நம்பி 'ஐ வான்ட் ஹிம் டு கோ' என்று கட்டினால் அவ்வளவுதான். சந்தேகம், மறுப்பு என்று போகப்போகத் தமிழ் கைவிட்டுவிடும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

18 ஆகஸ்ட்

தங்கை எழுதியிருக்கிறார். மாதிரித் தேர்வில் குஸ்தான் இரண்டும் சரி, 'லே' ஒன்று விட்டுப்போச்சு, சார் இன்னும் இங்கிலீஷில் யோசிக்கத்தான் சொல்கிறாராம். யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள் என்று பதில் போட்டேன்.

ஆகஸ்ட் என்பதால் எனக்கும் குரூப் வந்துவிட்டது, பதினாறு பேர். இந்தத் தடவை கிழவி 'வெந்தியா', கூலியாள் 'தொர்மியா', ராஜா 'பெகோ', அடி ஊருக்கே விழுந்தது, ராஜா முதுகிலும் விழுந்தது. எல்லாம் ஒழுங்காக வந்தது. முடித்ததும் பின்னாலிருந்து ஒரு பாட்டி மெதுவாகக் கேட்டார்: "கியென் ஸெரியா?" யாராக இருந்திருக்கும் அந்த ஆள்? ஊகம், அதுவும் பழைய காலத்து ஊகம். எனக்கு அது தமிழிலேயே காதில் விழுந்தது.

அந்த ஆள் யார் என்று சொல்லி, மண் சுமந்த கையை என் கையை நீட்டியே காட்டினேன். 'எல் மானோ' என்று சொல்லிவிட்டேன். பதினாறு பேரும் ஒரே குரலில் "லா!" என்றார்கள்.